பக்கத்துக் கட்டில்காரியின் கை

அந்தக் குண்டு இறங்கியிருக்கிறது. காலையில் இரண்டாவது கோட்டில் மிதந்தது, நான் பார்த்தேன், இந்தக் கண்ணால்தான் பார்த்தேன், இப்போது முதல் கோட்டில் கிடக்கிறது. சுவருக்குள்ளிருந்து வருகிற ஆக்சிஜன் குழாய் ஒன்றுதான், அதை இரண்டாகப் பிரித்து, கிளைக்கு ஒரு கண்ணாடிக் குழலும் குழலுக்குள் மிளகளவு ஒரு குண்டும் கீழே ஒரு தண்ணீர்ப் புட்டியும் மாட்டியிருக்கிறார்கள், புட்டியில் கொப்புளம் விட்டுக்கொண்டு காற்று வெளியே வந்து மெல்லிய குழாய் வழியாகப் பிள்ளையின் மூக்குக்குப் போகிறது, குண்டு எவ்வளவு உயரத்தில் மிதக்கிறதோ அவ்வளவு காற்று. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இரண்டு புட்டிகளும் ஜோடியாகத் தொங்குகின்றன. ஒன்று என் மகன் லோகித்துக்கு, இன்னொன்று பக்கத்துக் கட்டில் வீரலட்சுமியின் மகள் தன்யாவுக்கு. சேர்த்த அன்றே எஸ்தர் சிஸ்டர் இதையெல்லாம் எனக்குக் காட்டிவிட்டு, "இவனுக்கு ரெண்டுல வச்சிருக்கேன், அந்தப் பாப்பாவுக்கு ஒண்ணு போதும், இந்தத் திருகுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, வச்சா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். இவனுக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. இப்போது எங்கள் பக்கத்துப் புட்டியில் ஒன்று, அவர்கள் பக்கத்துப் புட்டியில் இரண்டு. குண்டு தானாக இறங்காது, பக்கத்துக் குண்டு தானாக ஏறவும் ஏறாது, யாரோ திருகியிருக்கிறார்கள், யாரோ என்ன யாரோ, இந்த மூலையில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

பாண்டீஸ்வரி ஒரு சந்தேகப் பிராணி என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார், பிறகு அவரே, அவளுக்குச் சம்பளமே அதுக்குத்தானே என்பார். உண்மைதான். ஜவுளிக்கடையில் ரெடிமேட் மாடியில், துணி போட்டுப் பார்க்கிற அறைக்கு வெளியே நிற்கிறது என் வேலை. மூன்று சுடிதாரோடு உள்ளே போகிறவள் மூன்று சுடிதாரோடு வெளியே வருகிறாளா என்று பார்க்க வேண்டும், சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டும், பார்ப்பது தெரியாமல் பார்க்க வேண்டும். சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் ஒரே ஒரு பாடம்தான் சொன்னார், முகத்தப் பாக்காத, கையப் பாரு. முகம் எப்படி வேண்டுமானாலும் நடிக்கும், கைக்கு நடிக்கத் தெரியாது. எடுத்தவள் கையை மறைப்பாள், துப்பட்டாவுக்குள் விடுவாள், பையின் வாரைப் பிடித்துக்கொள்வாள், தலைமுடியைச் சரிசெய்வாள். எடுக்காதவள் பாவம், கேட்டவுடனே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிடுவாள். அதனால் நான் வீரலட்சுமியைப் பார்த்த முதல் நாளே அவள் கையைத்தான் பார்த்தேன். சின்னப் பெண், என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், செங்கல் சூளையில் வேலை, நகக்கண்ணில் எல்லாம் செம்மண் ஏறி உட்கார்ந்திருக்கிறது, எத்தனை கழுவினாலும் அது போகாதாம், அவளே சொன்னாள். அந்தக் கை சும்மா இருக்காது. கொசுவலையை இழுத்துவிடும், மேசையில் இருக்கிற என் ஃபிளாஸ்க்கை நகர்த்தி வைக்கும், லோகித் அழுதால் கேட்காமலே கம்பிக்குள் வந்து அவன் காலைத் தட்டிக்கொடுக்கும். எனக்குச் சுருக்கென்றிருக்கும். உன் பிள்ளையின் சளியைத் துடைத்த கை அல்லவா அது.

சளி என்றால் சாதாரணச் சளியா. காலையில் ரவுண்ட்ஸ் வந்த அந்தச் சின்ன டாக்டரம்மா, தூக்கமில்லாமல் கண் உள்ளே போன பெண், நின்று நிதானமாகத்தான் சொன்னது. "அம்மா, உங்க பையனுக்கு வைரஸ். நுரையீரல்ல இருக்கிற சின்னச் சின்னக் குழாயெல்லாம் வீங்கி சளி அடச்சிருக்கு. அதான் இப்படி இழுக்குது. இதுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி வேலை செய்யாது. ஆக்சிஜன், மூக்குச் சளிய உறிஞ்சி எடுக்கிறது, கொஞ்சங் கொஞ்சமா பாலு, அவ்வளவுதான், அவனே மீண்டு வருவான்." அவனே மீண்டு வருவான் என்றால் அப்புறம் ஆஸ்பத்திரி எதற்கு, நீ எதற்கு, இந்தப் பச்சைச் சுவர் எதற்கு. பக்கத்துக் கட்டில் தன்யாவுக்கு மட்டும் வேளைக்கு வேளை ஊசி போகிறது, கையில் ஊசிக்குழாயே குத்தி வைத்திருக்கிறார்கள், அட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள், என் பிள்ளைக்கு வெறும் காற்று. கேட்டேன், கேட்காமல் இருப்பேனா. "அந்தப் பாப்பாவுக்கு பாக்டீரியா நிமோனியாம்மா, எக்ஸ்ரே படத்துல ஒரு பக்கம் முழுக்க வெள்ளையா இருக்கு, அதுக்கு ஊசி கேக்கும்." கேக்கும் என்று அது சொன்னது என்னவோ சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தது. அந்தப் பாக்டீரியா இவனுக்கு வராதா டாக்டர் என்றேன். அது, "சில பிள்ளைங்களுக்கு வைரஸ் புண்ணாக்கிட்டுப் போன எடத்துலயே பாக்டீரியாவும் வந்து உக்காந்துக்கும். காய்ச்சல் விட்டுட்டுத் திரும்ப வந்தா உடனே சொல்லுங்க. அதுக்குத்தான் கையக் கழுவுங்க, கையக் கழுவுங்கன்னு கத்திக்கிட்டே இருக்கோம்" என்றது. வந்து உக்காந்துக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிறார்களே அது போல, வைரஸ் போய் இடம் பிடித்து வைத்திருக்கிறது, இனி இவர் ஏற வேண்டியதுதான் பாக்கி. எங்கிருந்து ஏறுவார், கை நீட்டுகிற தூரத்திலிருந்துதான் ஏறுவார். நான் அப்போதிலிருந்து லோகித்தின் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறேன், தொட்டுத் தொட்டு என் கையின் சூடு எது அவன் சூடு எது என்று தெரியாமல் போய்விட்டது.

வைரஸ் முதலில் எங்கிருந்து வந்தது என்பதற்கும் என்னிடம் ஆள் இருக்கிறது. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம், என் நாத்தனார் கோமதி அவள் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அவனுக்கு மூக்கு இரண்டும் ஒழுகிக்கொண்டிருந்தது, சாதாரணத் தடுமம்தான் என்றாள், அவன் வந்து லோகித்தின் கன்னத்தில் வாயை வைத்து ஊதி ஊதி விளையாடினான், எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. தாய்மாமன் மடியில் காது குத்தினார்கள், அப்புறம் பெரிய மாமனார் மடி, சின்ன மாமனார் மடி, ஊர்க்காரர் மடி, பிரசாதத்தட்டு மாதிரி என் பிள்ளையைச் சுற்றுக்கு விட்டார்கள். அடுத்த வாரமே தும்மல், தும்மலுக்குப் பின்னால் இருமல், இருமலுக்குப் பின்னால் விலாவுக்குக் கீழே குழி விழ ஆரம்பித்தது. கோமதி போனில், ஏசி கடையில வேல பாக்குற, நீதான் கொண்டாந்து குடுத்திருப்ப என்கிறாள். இருக்கட்டும். எனக்கும் அந்த வாரம் தொண்டை கரகரவென்றுதான் இருந்தது, ஆனால் அது கத்தியதால், கோயிலில் பந்தியில் கத்தியதால், அது வேறு. அது வேறுதான்.

காற்றாடிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. நாங்கள் முதலில் கதவுப் பக்கத்துக் கட்டிலில் இருந்தோம், வீரலட்சுமி ஜன்னல் பக்கத்தில். ஜன்னலிலிருந்து காற்று வருகிறது, மேலே காற்றாடி சுற்றுகிறது, தன்யா இருமினால் அது அப்படியே நேராக எங்கள் மேல்தான் வரும், கண்ணுக்குத் தெரியாவிட்டால் வரவில்லை என்று அர்த்தமா. காலையில் டாக்டர் போனதும் சிஸ்டரிடம் போய் நின்றேன், இடத்தை மாற்றிக் கொடுங்கள், எங்களை ஜன்னல் பக்கம் போடுங்கள் என்றேன். முடியாது என்றார், கட்டிலெல்லாம் இரும்பு, நகராது என்றார். கட்டில் வேண்டாம், பிள்ளையை மாற்றுங்கள் என்றேன், டீனிடம் போவேன் என்றேன், டீன் எந்த மாடி என்றே எனக்குத் தெரியாது. வீரலட்சுமி எழுந்து, "மாத்திக் குடுங்க சிஸ்டர், அக்கா பயப்படுறாங்க, எனக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன" என்றாள். அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. கேட்டவுடனே விட்டுக்கொடுக்கிறவளை என் கடையில் நான் இரண்டு முறை பார்ப்பேன். அப்போதுதான் சொன்னேன், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னேன், "பயமெல்லாம் ஒண்ணும் இல்ல, கையக் கழுவாம வந்து எம் பிள்ளையத் தொடாத, அது போதும்." அவள் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். கையை மறைக்கிறாள் பார் என்று நினைத்துக்கொண்டே நான் கேன்டீனுக்கு வெந்நீர் வாங்கப் போனேன், திரும்பி வரும்போது மாற்றியிருந்தார்கள், லோகித் ஜன்னல் பக்கம், தன்யா கதவுப் பக்கம், மூக்கில் குழாய், புட்டியில் கொப்புளம், எல்லாம் அதனதன் இடத்தில்.

அப்போது குண்டு எங்கே நின்றது என்று பார்த்தேனா. பார்த்திருப்பேன். பார்க்காமல் இருக்க மாட்டேன். சாப்பாடு வந்தது, அவனுக்குப் புகை வைத்தார்கள், முகமூடிக்குள் மருந்துப் புகையில் அவன் தலையை ஆட்டி ஆட்டி அழுதான், அதைப் பிடிக்கவே எனக்கு இரண்டு கை போதவில்லை. அப்புறம் அவன் தூங்கினான், வெயில் ஏறி வார்டே ஒரு மாதிரி அமுங்கிப் போனது, எதிர் வரிசையில் எல்லோரும் பிள்ளைகளோடு சுருண்டு படுத்துவிட்டார்கள், நானும் கம்பியில் தலையைச் சாய்த்தேன். தூங்கவில்லை, சாய்த்தேன், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது வீரலட்சுமி சுவரோரமாக, புட்டிக்குப் பக்கத்தில், கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை இறக்கினாள். ஆணியில் ஈரத்துண்டைப் போட்டேங்கா என்றாள். நான் எதுவுமே கேட்கவில்லையே, கேட்காத கேள்விக்கு ஏன் பதில். ஆணியில் துண்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. துண்டைப் போட வந்த கை திருகிலும் பட்டிருக்கலாம், திருகுக்கு வந்த கை திரும்பும்போது துண்டைப் போட்டிருக்கலாம், கடையில் இதைத்தான் செய்வார்கள், ஒன்றை எடுக்கும்போது இன்னொன்றைக் கீழே போட்டு, ஐயோ விழுந்துருச்சு என்பார்கள். அவள் போன பிறகு எழுந்து வந்து பார்க்கிறேன், குண்டு இறங்கியிருக்கிறது.

சிஸ்டரிடம் சொல்லலாம். சிஸ்டர் ஒருவர்தான் இருக்கிறார், அடுத்த டூட்டிக்காரர் வரவில்லை, வாசல் பக்கம் ஏதோ ஒரு பிள்ளைக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அது கத்துகிறது. சொன்னால் நம்புவாரா, காலையில்தான் டீனிடம் போவேன் என்று சண்டை போட்டேன், வந்துட்டியா மறுபடியும் என்பார். அதற்குள் என் பிள்ளைக்குப் பாதிக் காற்றுதான் போய்க்கொண்டிருக்கும். அவளுக்கு அவள் பிள்ளை, இல்லையென்று சொல்லவில்லை, தன்யாவும் ராத்திரியெல்லாம் முனகியது, தாய்க்கு வயிறு எரியத்தான் செய்யும், ஊசியும் போகட்டும் காற்றும் கூடப் போகட்டும் என்று தோன்றியிருக்கும், யாருக்குத்தான் தோன்றாது. ஆனால் ஒரே குழாய்தானே சுவரிலிருந்து வருகிறது, அங்கே ஏறினால் இங்கே இறங்கத்தானே செய்யும். வீரலட்சுமி வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போகிறாள். அவள் முதுகு மறைகிற வரை பார்க்கிறேன். எதிர் வரிசையில் ஒருத்தி புரண்டு படுக்கிறாள். நான் எழுந்து, நின்று, முந்தானையைச் சரி செய்து, எங்கள் பக்கத்துத் திருகைப் பிடித்து மெல்லத் திருப்புகிறேன், குண்டு துள்ளிக்கொண்டு எழுந்து இரண்டில் நிற்கிறது, புட்டிக்குள் கொப்புளம் சடசடவென்று பொங்குகிறது. அவர்கள் பக்கத்தையும் திருப்புகிறேன், இரண்டிலிருந்து ஒன்றுக்கு, அதற்கு மேல் ஒரு துளி குறைக்கவில்லை, எனக்கும் நியாயம் தெரியும். அவரவருக்கு உள்ளது அவரவருக்கு. வந்து உட்கார்ந்ததும் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருக்கிறது.

நல்ல சத்தம் இந்தக் கொப்புளச் சத்தம். என் பக்கத்துப் புட்டி இப்போது குழம்பு கொதிக்கிற மாதிரி இருக்கிறது, அவர்கள் பக்கம் அடங்கிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்கிறேன், ஒவ்வொரு கொப்புளமும் என் பிள்ளைக்குள் போகிறது, போ, போ, அந்த வீங்கின குழாயெல்லாம் திறந்துவிடு. பிறந்தபோது இவன் அழவில்லை, முதுகில் தட்டிய பிறகுதான் அழுதான், அழுகையை இப்படிக் காத்திருந்து வாங்கினவள் நான், இன்று அவன் அழுதால் பயமாயிருக்கிறது, அழாவிட்டாலும் பயமாயிருக்கிறது. வீரலட்சுமி வாளியோடு வந்துவிட்டாள். புட்டியைப் பார்ப்பாளா என்று அரைக்கண்ணால் பார்க்கிறேன், பார்க்கவில்லை, நடிக்கிறாள், துவைத்த துணியைக் கம்பியில் விரிக்கிறாள், விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கிறது, செம்மண் மட்டும் அப்படியே. லோகித் விழித்துவிட்டான். முனகுகிறான். பால் கரைத்து ஸ்பூனில் வைத்தால் வாயை மூடிக்கொள்கிறான், பசிக்கிற நேரம், காலையில் கூட அரை கிண்ணம் குடித்தான். சட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன். விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. காலையிலும் விழுந்ததுதான், ஆனால் இவ்வளவா, இல்லை இது எனக்குத் தோன்றுகிறதா, வெளிச்சம் சாய்ந்து விழுவதால் குழி ஆழமாகத் தெரிகிறதா. மூக்கு நுனி ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து விரிந்து மூடுகிறது. காற்றுதான் கூட்டியாயிற்றே, குண்டு இரண்டில்தானே நிற்கிறது, பார், இரண்டுதான். அப்படியானால் இது காற்று இல்லை. இது மற்றது. வந்து உட்கார்ந்துவிட்டது. நெற்றியைத் தொடுகிறேன், சுடுகிற மாதிரியும் இருக்கிறது சுடாத மாதிரியும் இருக்கிறது, கழுத்தைத் தொடுகிறேன், அக்குளைத் தொடுகிறேன், பாக்டீரியா வந்துவிட்டது, அவள் கையிலிருந்து வந்துவிட்டது, காலைத் தட்டிக்கொடுத்தாளே அப்போதே வந்துவிட்டது. உதடு. உதட்டைப் பார். ஓரத்தில் ஏன் இப்படி நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது. நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியவில்லை, வீரலட்சுமிதான் கத்தினாள், "சிஸ்டர், ஓடி வாங்க, தம்பிக்கு ஒரு மாதிரி இருக்கு."

எஸ்தர் சிஸ்டர் ஓடி வந்தார். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை லோகித்தின் கால் பெருவிரலில் மாட்டினார், அதில் சிவப்பாக எண்கள் தடுமாறி எண்பத்தாறில் நின்றன, காலையில் தொண்ணூற்று நாலு என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூக்குக்குழாயைச் சரி பார்த்தார், அவனை நிமிர்த்தி என் மார்போடு சாய்த்து வைத்தார், சளியை உறிஞ்சி எடுத்தார், எண் ஏறவில்லை. பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். பார்த்தவர் எங்கள் பக்கத்துப் புட்டிக்கு வரவில்லை. இரண்டு எட்டு வைத்து அந்தப் பக்கம், வீரலட்சுமியின் தோளோடு ஒட்டித் தொங்குகிற புட்டிக்குப் போனார். "ரெண்டுல வச்சிருந்தேன். யாரு இத ஒண்ணுக்கு இறக்குனது?" என்றார். நம்ம புட்டி அது இல்ல சிஸ்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்தத் திருகைத் திருப்பினார், குண்டு ஏறியது, என் மார்பில் சாய்ந்திருந்தவனின் மூக்குக்குழாய் மெல்ல உஸ்ஸென்றது. நான் அந்தக் குழாயைப் பார்த்தேன். மூக்கிலிருந்து காதோரம், காதோரத்திலிருந்து தலையணை, தலையணைக்கு அடியிலிருந்து கட்டிலின் தலைமாட்டுக் கம்பிக்குப் பின்னால், அங்கே இன்னொரு குழாயோடு குறுக்கே வெட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்துப் புட்டிக்கு. காலையில் பிள்ளைகளைத்தான் மாற்றியிருக்கிறார்கள், புட்டியை மாற்றவில்லை, அவனை அவன் குழாயோடு தூக்கி இந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள், அவளை அவள் குழாயோடு அந்தப் பக்கம். குண்டு இறங்கவே இல்லை. எவளும் எதையும் தொடவே இல்லை. ஜன்னல் பக்கம் வேண்டும் என்று நான் கேட்டேன், ஜன்னல் பக்கப் புட்டி எனக்கு என்று நானே வைத்துக்கொண்டேன், என் பிள்ளையின் காற்றை நானே நின்று நிதானமாகத் திருகிக் குறைத்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் கொப்புளச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடி மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. சிஸ்டர் இந்தப் பக்கத்துப் புட்டியையும் பார்த்துவிட்டார். ஒன்றில் இருக்க வேண்டியது இரண்டில் பொங்கிக்கொண்டிருக்கிறது. அதை இறக்கிவிட்டுத் திரும்பி வீரலட்சுமியைப் பார்த்தார், நான் காலையிலிருந்து அவளைப் பார்த்த அதே பார்வை, வெளியிலிருந்து பார்க்கும்போது அது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. "ஒம் பிள்ளைக்கு ஏத்திட்டு இவனுக்கு இறக்குனியா? ஏம்மா, ஒம் பிள்ள மட்டுந்தான் பிள்ளையா? இந்தப் பிள்ள செத்திருக்கும், தெரியுமா?" எதிர் வரிசை முழுக்க எழுந்து உட்கார்ந்துவிட்டது. நான் பாத்தேன், அந்தப் பொண்ணு சொவத்துப் பக்கமே நின்னுக்கிட்டு இருந்துச்சு என்று ஒருத்தி சொன்னாள். ஒரு வார்த்தை நான் பேச வேண்டியதில்லை. என் மனசுக்குள் நான் காலையிலிருந்து எழுதி வைத்திருந்த கதையை இவர்கள் எல்லோரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், சாட்சியும் இருக்கிறது, புட்டியும் அவள் பக்கத்தில், ஏறியதும் அவள் பிள்ளைக்கு. இப்போது நான் பேசாமல் இருந்தால் போதும், அவளை இந்த மூலையிலிருந்து வேறு எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள், அந்த இருமலும் அந்தக் கையும் போய்விடும், நான் கேட்டது அதுதானே. தொண்ணூறு. அவன் என் நெஞ்சில் மூச்சு விடுகிறான், என் ஜாக்கெட் அவன் எச்சிலில் நனைகிறது. வீரலட்சுமி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "நான் தொடலம்மா. சத்தியமாத் தொடல. அது என்னத்துக்குன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றவள், இரண்டு கையையும் முன்னால் நீட்டி, திருப்பி, விரித்துக் காட்டினாள்.

நகக்கண்ணில் செம்மண். ஊறிச் சுருங்கின விரல் நுனி. வேறு ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். நான் என் கையைப் பார்த்தேன், அது லோகித்தின் முதுகுக்குப் பின்னால், துண்டுக்குள் மறைந்து போயிருந்தது, எப்போது அங்கே போனது என்று எனக்கே தெரியாது. தொண்ணூற்றொன்று. "சிஸ்டர்" என்றேன். கையைத் துண்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தேன். "சிஸ்டர், நான்தான் திருகுனேன். அவ இல்ல. இந்தப் பக்கத்துப் புட்டி எங்களோடதுன்னு நெனச்சுட்டேன். அவ எடுத்துட்டான்னு நெனச்சு நான்தான் ரெண்டையும் மாத்தி வச்சேன்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெளிய போ" என்றார், சத்தமே போடாமல். "டாக்டர் வந்து சொல்ற வரைக்கும் நீ இந்தக் கட்டில் பக்கம் வரக் கூடாது. வேற பொம்பளையாள வரச் சொல்லு." வேறு பொம்பளையாள் என்றால் கோமதிதான், அவள் பஸ் ஏறி வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும், அதுவரைக்கும் இவனை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, குழாய் நழுவினால் சரி செய்ய, பால் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். சிஸ்டர் வாசல் பக்கத்துப் பிள்ளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் பாத்துக்கிறேன்" என்றாள் வீரலட்சுமி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சிஸ்டரைப் பார்த்துத்தான் சொன்னாள், தன்யா தூங்குது, நான் பாத்துக்கிறேன் என்று. நான் அவனைக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் சாய்த்துவிட்டு வந்தேன். அவன் கை என் தாலிச் சரட்டைப் பிடித்திருந்தது, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். சந்தேகம் போய்விட்டதா என்று யாராவது கேட்டால், போகவில்லை, அது அப்படியெல்லாம் போகிறதா, இப்போதும் நினைக்கிறேன், நான் சொன்னதற்கெல்லாம் சேர்த்து அவள் கோபத்தை இவனிடம் காட்டினால், குழாய் நழுவினாலும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டால், யார் கேட்பது. பாக்டீரியா இன்னும் பாக்டீரியாதான். கட்டிலில் லோகித் என்னைத் தேடித் தலையைத் திருப்புகிறான், முகம் சுருங்குகிறது, அழப் போகிறான், அழுதால் மூச்சு இன்னும் இழுக்கும். வீரலட்சுமி எழுந்தாள். அவனிடம் போகவில்லை. கட்டிலைத் தாண்டி எதிர்ப்புறம் போனாள், சுவரோரத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள், சோப்பை எடுத்துத் தேய்த்தாள், விரலிடுக்கில் தேய்த்தாள், மணிக்கட்டுக்கு மேலே தேய்த்தாள், நகக்கண்ணை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தேய்த்தாள், கழுவிவிட்டு மறுபடி சோப்பை எடுத்தாள். போதும், போ, அவன் அழுகிறான், போ என்று நான் இங்கே கதவைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன், அவளுக்குக் கேட்காது. குழாயை மூடினாள். துடைக்கவில்லை. கதவைப் பார்த்துத் திரும்பி நின்று, தண்ணீர் சொட்டுகிற இரண்டு கையையும் தூக்கி, முன்புறமும் பின்புறமும், நான் பார்க்கும்படியாகக் காட்டினாள். நான் தலையை ஆட்டும் வரை அவள் அப்படியே நின்றாள். பிறகு போய் என் பிள்ளையைத் தூக்கினாள்.